உறைமோரைக் காய்ச்சியவன்

வத்ஸலா: ஐயோ, ஆட்டாதீங்கோ! ஆட்டினா தோயாது.

சேஷு: ஆட்டலைடி. சித்த சாய்ச்சுப் பாத்தேன்.

வத்ஸலா: காத்தாலேர்ந்து சாய்ச்சிண்டேதான் இருக்கேள். அது என்ன, தொட்டில் கொழந்தையா?

சேஷு: வத்ஸலா... மனசைத் திடப்படுத்திக்கோ. இது பால்.

வத்ஸலா: தயிர்.

சேஷு: பால்டி. பாரு, ஓடறது.

வத்ஸலா: கொஞ்சம் எளசா இருக்கு. அவ்வளவுதான்.

சேஷு: எளசா? இதுல டிகாக்ஷனை விட்டா காப்பி.

வத்ஸலா: ஏன்னா... எனக்கு அழுகை வரது.

சேஷு: அழு. ஆனா மெதுவா அழு. பக்கத்தாத்து வைதேஹி மாமி காதுல விழுந்தா, ஸ்ரீரங்கம் உத்தர வீதி பூரா சுத்திண்டு நம்ம வாசலுக்கே திரும்பி வந்துடும்.

வத்ஸலா: உங்கம்மா ரயில் எங்க வந்துண்டிருக்கும்?

சேஷு: அரியலூர் தாண்டியிருக்கும். அப்புறம் லால்குடி. அப்புறம்... நாம.

வத்ஸலா: வந்ததும் என்ன கேப்பா தெரியுமா? காலை அலம்பிண்டு, "வத்ஸலா, இலையைப் போடு, என் தயிரைக் கொண்டா"ம்பா. கருடசேவைன்னு காஞ்சீபுரம் போனவ, அங்க யாராத்துத் தயிரையும் தொட்டிருக்கமாட்டா. நாக்கைக் கட்டிப் போட்டுண்டு வரா.

சேஷு: தெரியும்.

வத்ஸலா: கிளம்பறப்போ என்ன சொன்னா?

சேஷு: அதான் தெரியும்ங்கறேனே. நானும் பக்கத்துலதானே பெட்டியைத் தூக்கிண்டு நின்னேன்.

வத்ஸலா: இன்னொரு தரம் சொல்லுங்கோ. நான் முழுசா அழணும்.

சேஷு: "இந்த உறைமோர் நான் கல்யாணமாகி வரச்சே மன்னார்குடியிலேர்ந்து என்னோட வந்தது. ஒரு நாள் கெட்டதில்லை. நான் திரும்பி வரப்போ இது நன்னா இருந்தா, உன் ஆம்படையா குடித்தனம் பண்ணத் தெரிஞ்சவ. தென்னூர்ல தனி ஜாகை பாத்துண்டு போங்கோ. இல்லைன்னா..."

வத்ஸலா: இல்லைன்னா?

சேஷு: "இல்லைன்னா தென்னூர்ங்கற பேரை இந்த ஆத்துல எடுக்கப்படாது."

வத்ஸலா: அந்த மாடி ஜாகை... எவ்வளவு பெரிய ஜன்னல்...

சேஷு: உனக்கு ஜன்னல். எனக்கு? நித்தம் காவேரிப் பாலத்துல எதிர்காத்துல சைக்கிளை மிதிச்சிண்டு பொன்மலை ஆபீஸுக்குப் போறேன். போய்ச் சேர்றப்போ குடுமி எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியறதில்லை.

வத்ஸலா: அங்க போனா நாம ரெண்டு பேரும் சத்தம் போட்டுச் சிரிக்கலாம்னேளே.

சேஷு: சொன்னேன்.

வத்ஸலா: இங்க சிரிச்சா, "என்ன அங்க?"ன்னு குரல் வரது.

சேஷு: நீ அழறதை நிறுத்திட்டு யோசி. நேத்திக்கு நன்னா தோஞ்சுதே?

வத்ஸலா: நேத்திக்குக் கத்தி வச்சு அறுக்கலாம் போல இருந்தது. இன்னிக்கும் மூக்கன் கறந்த அதே பசுதான். அதே கல்சட்டி. அதே மோர்.

சேஷு: ம்.

வத்ஸலா: அதே மோர்தானே?

சேஷு: அதே மோர்தான். பின்ன?

வத்ஸலா: ஏன் மூஞ்சி அப்படிப் போறது?

சேஷு: எப்படிப் போறது? எப்பவும் போறாப்பலதான் போறது.

வத்ஸலா: ஏன்னா. என் மூஞ்சியைப் பாருங்கோ.

சேஷு: ...கொஞ்சம் சுத்தம் பண்ணினேன்.

வத்ஸலா: எதை?

சேஷு: மோரை.

வத்ஸலா: மோரை எப்படி சுத்தம் பண்ணுவா? சாம்பல் போட்டுத் தேய்ச்சேளா?

சேஷு: கோச்சுக்காதே. காலரா காலம் பாரு... ஆபீஸ்ல ஒருத்தர் வந்து மேஜிக் லாந்தர்ல படம் போட்டார். ஒரு சொட்டுத் தண்ணியைப் பெரிசு பண்ணிக் காமிச்சார் வத்ஸலா, அதுல... குச்சி குச்சியா, வால் முளைச்சு, உசுரோட நெளியறது! "தண்ணி மட்டுமில்லை, தயிர்லயும் மோர்லயும் லட்சக்கணக்குல கிருமி இருக்கு"ன்னார். எனக்குச் சாப்பாடே இறங்கலை.

வத்ஸலா: அதான் நேத்திக்கு மோர் வேண்டாம்னேளா?

சேஷு: ஆமா. அப்புறம் நீ கோயிலுக்குப் போயிருந்தப்போ...

வத்ஸலா: போயிருந்தப்போ?

சேஷு: அடுப்புல தணல் இருந்தது.

வத்ஸலா: இருந்தது...

சேஷு: வச்சு... ஒரு கொதி.

வத்ஸலா: உறைமோரைக் காய்ச்சினேளா!

சேஷு: ஒரே ஒரு கொதிடி! சரி, ரெண்டு. அப்புறம் ஆற வச்சு, சமத்தா மூடி வச்சேன்.

வத்ஸலா: திரிதிரியா இருந்ததே காத்தால! வெயில்னு நெனச்சேனே பாவி நான்! மன்னார்குடி மோரை யாராவது மோர்க்குழம்பு பண்ணுவாளா? எங்கப்பா உங்களை பி.ஏ.ன்னு சொல்லித்தானே கட்டி வச்சார்?

சேஷு: பி.ஏ.வுல மோர் கிடையாதுடி.

வத்ஸலா: போங்கோ, போய் வைதேஹி மாமிகிட்ட ஒரு கரண்டி உறைமோர் வாங்கிண்டு வாங்கோ.

சேஷு: விளக்கு வச்சாச்சே. விளக்கு வச்சப்புறம் எந்த ஆத்துலயாவது மோர் குடுப்பாளா? கேட்டாலே மாமி மயக்கம் போட்டு விழுந்துடுவா. எழுந்து வந்து அம்மாகிட்ட முதல் வேலையா சொல்லுவா.

வத்ஸலா: போச்சு. எல்லாம் போச்சு. ஜன்னல் போச்சு.

சடகோபன்: யாருக்கு என்ன போச்சு? வாசல் கதவு தொறந்து கெடக்கே. அத்தை வந்தாச்சா?

வத்ஸலா: வாங்கோ சடகோபன். உங்க அத்தை இன்னும் வரலை. வந்ததும் இங்க ரெண்டு பேர் உசுரோட இருக்கப்போறதில்லை.

சேஷு: டேய் அம்மாஞ்சி, நீ கெமிஸ்ட்ரி படிச்சவன். தெப்பக்குளத்தண்டை மருந்துக்கடையில நாள் பூரா பாட்டிலைக் குலுக்கறவன். செத்துப்போன மோரைப் பிழைக்க வைக்க முடியுமா?

சடகோபன்: எந்த மோர்?

வத்ஸலா: மன்னார்குடி மோர். உங்க அண்ணா காய்ச்சிட்டார்.

சடகோபன்: காய்ச்சி... ஹஹ்ஹா! டேய்! டேய் சேஷு! எங்க அத்தை மோரையா? ஹஹ்ஹஹ்ஹா...

சேஷு: சிரிக்காதேடா. கிருமி இருக்குன்னு சொன்னாடா.

சடகோபன்: இருக்கு! அந்தக் கிருமிதாண்டா தயிரே பண்றது! பால்ல இருக்கற சர்க்கரையைத் தின்னுட்டுப் புளிப்பைப் போடறது. புளிப்பு வந்தா பால் உறையறது. நீ அத்தனையையும் கொதிக்க வச்சுக் கொன்னுட்டு, பாலைப் பாத்து "ஏன் உறையலை"ங்கறே.

சேஷு: கிருமின்னா வியாதிதானே?

சடகோபன்: எல்லா மனுஷாளும் திருடாளா? இதுவும் அப்படித்தான். நல்லதும் உண்டு. நல்லது குடலுக்குள்ள போய் இடத்தைப் பிடிச்சுண்டா, கெட்டது வந்து உக்கார இடம் இருக்காது. சீமையில பெரிய பெரிய டாக்டரெல்லாம் தயிர் சாப்பிடு, தயிர் சாப்பிடுன்னு எழுதறா. நீ என்னடான்னா...

வத்ஸலா: பிரசங்கம் அப்புறம். உங்காத்துல மோர் இருக்கா?

சடகோபன்: இருக்கு. அதே மோர்தான். அத்தையும் எங்கப்பாவும் ஒரே மன்னார்குடி ஆத்துல பொறந்தவாதானே? நாளைக்கு விடியக்காலம் சிந்தாமணி போய் ஒரு சொம்பு கொண்டுவந்துடறேன். அத்தையே நாக்குல வச்சுப் பாத்தாலும் வித்யாசம் தெரியாது.

சேஷு: ராத்திரிக்கு?

சடகோபன்: அதான் சங்கடம். இப்பவே கொண்டுவந்து ஊத்தினாலும் விடிஞ்சாதான் தோயும். கிருமின்னா அது பொழைக்கணும், பெருகணும். அவசரப்படுத்த முடியாது.

வத்ஸலா: உங்க அத்தையையும் அவசரப்படாதேன்னு சொல்ல முடியாது.

சேஷு: டேய், அந்தப் பையில என்ன? கிணிகிணின்னு சத்தம் கேக்கறது.

சடகோபன்: இதா? இது ஒண்ணுமில்லை. மருந்து.

சேஷு: என்ன மருந்து?

சடகோபன்: ஜீரணப்பொடி. பேர் பெப்ஸின். திருவானைக்காவல் வக்கீல் ஒருத்தருக்கு. வாயுக்காரர். குடுத்துட்டுப் போலாம்னு...

சேஷு: திருவானைக்காவல் முன்னாடியே வந்துடுமேடா. அதைத் தாண்டிண்டு ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்திருக்கே?

சடகோபன்: ...மறந்துட்டேன். திரும்பிப் போறப்போ குடுப்பேன். அது இருக்கட்டும்! சேஷு! மன்னி! பெருமாள் கண்ணைத் தொறந்துட்டார்! இந்தப் பொடி பாலை உறைய வைக்கும்!

வத்ஸலா: மருந்தா?

சடகோபன்: காலேஜ்ல பண்ணிருக்கேன். வெதுவெதுன்னு பால், துளி எலுமிச்சம்பழம், ஒரு சிட்டிகை பொடி. வெத்தலை போட்டு முடிக்கறதுக்குள்ள கெட்டியாயிடும்.

சேஷு: அப்போ இதுலயும் கிருமி இருக்கா?

சடகோபன்: இல்லடா மண்டு. இதுக்கு உசுரே கிடையாது. நம்ம வயத்துலயே ஊறற சமாசாரம். எண்ஸைம்னு பேரு. நீ சாப்பிடறதைத் துண்டு துண்டா நறுக்கிப் போடும். வயறு மந்தமா இருக்கறவாளுக்கு அது போறாது. அதான் வெளியிலேர்ந்து ஒரு சிட்டிகை. நம்ம வாய் எச்சில்லகூட ஒண்ணு இருக்கு...

வத்ஸலா: எச்சிலா! சமையக்கட்டுல நின்னுண்டு என்ன வார்த்தை பேசறேள்!

சடகோபன்: சரி, எச்சில் வேண்டாம். கேளுங்கோ மன்னி. கல்யாணத்துக்குத் தளிகை பண்ண ஆள் வரான். காய் நறுக்கறான், வேலையை முடிக்கறான், போயிடறான். மறுநாள் உங்காத்துல இருப்பானா? மாட்டான். அது இந்தப் பொடி. தயிர்க்கிருமி அப்படியில்லை. அது ஜாகை பாத்துண்டு வந்து, பிள்ளை குட்டி பெத்துண்டு குடித்தனம் பண்றது.

சேஷு: அதுக்காவது ஜாகை கிடைச்சுது.

வத்ஸலா: பொடியைப் போடலாமா, வேண்டாமா? எனக்குப் பயமா இருக்கு.

சேஷு: போடு. பெருமாளுக்கு?

வத்ஸலா: அவருக்குப் பால் தனியா எடுத்து வச்சு அமுது பண்ணியாச்சு. இது நமக்குத்தான்.

சேஷு: அப்போ போடு. ராத்திரி தாண்டினா போறும். டேய், பாலைக் காய்ச்சட்டுமா?

சடகோபன்: நீ அடுப்பண்டை வராதே! சூடு ஜாஸ்தியானா பொடியும் கெட்டுப்போயிடும். வெரல் வச்சா சுடப்படாது. மன்னி, நீங்களே பாத்து... ம்... இறக்குங்கோ. எலுமிச்சம்பழம் ஒரு துளி... இப்போ பொடி.

வத்ஸலா: போறுமா?

சடகோபன்: இன்னும் கொஞ்சம். தாராளமா போடுங்கோ. வக்கீல் கேக்கமாட்டார்.

வத்ஸலா: போட்டாச்சு. ...ஒண்ணும் ஆகலையே.

சடகோபன்: மூடுங்கோ. வாங்கோ, கூடத்துல போய் உக்காரலாம்.

சேஷு: நான் இங்கயே இருந்து பாக்கறேன்.

வத்ஸலா, சடகோபன்: வேண்டாம்!

சேஷு: சரி, சரி.

வத்ஸலா: அம்மா பெட்டி வைக்க இடம் பெருக்கணும்... தீர்த்தம் மொண்டு வைக்கணும்... ஏன் சடகோபன், அந்தப் பொடியை எதுலேர்ந்து பண்றா? ஏதாவது வேரா?

சடகோபன்: வேர்னு சொல்ல முடியாது.

வத்ஸலா: பப்பாளிக்காயா? வேகாத பருப்புல எங்கம்மா ஒரு துண்டு போடுவா, கரைஞ்சுடும்.

சடகோபன்: அந்த மாதிரிதான். ஆனா காய் இல்லை.

சேஷு: பின்ன?

சடகோபன்: வயறுன்னு சொன்னேனோ இல்லையோ? வயத்துல ஊறறதுன்னா, ஒரு வயத்துலேர்ந்துதானே எடுக்கணும்.

வத்ஸலா: யார் வயத்துலேர்ந்து?

சடகோபன்: ஒரு பிராணி.

சேஷு: என்ன பிராணிடா?

சடகோபன்: நாலு கால். மன்னி, தோஞ்சிருக்கும், போய்ப் பாருங்கோ.

வத்ஸலா: பசுவா?

சடகோபன்: சேச்சே! பசு இல்லை. அதுக்கெல்லாம் நான் போவேனா?

சேஷு: ஆடா?

சடகோபன்: ஆடுன்னு வச்சுக்கயேன்.

சேஷு: வச்சுக்கறதெல்லாம் வேண்டாம். என்னன்னு சொல்லு.

சடகோபன்: ...வராகம்.

சேஷு: வரா... பன்னியா!

வத்ஸலா: ஐயையோ! ஐயையோ! என் கல்சட்டி! என் கை! நான் கையை எங்க வச்சுக்கறது இப்போ!

சடகோபன்: கத்தாதீங்கோ! வைதேஹி மாமி...

வத்ஸலா: முன்னாடியே சொல்லப்படாதா?

சடகோபன்: சொன்னா போட்டிருப்பேளா?

சேஷு: கொண்டுபோய்க் கொல்லையில கொட்டு. தென்னூரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அம்மாவுக்குப் பன்னியைப் போட்டுட்டு நான் எந்த ஜன்னல்ல உக்காந்து காத்து வாங்கறது?

வத்ஸலா: தோ, கொட்டறேன்... ஏன்னா... இங்க வாங்கோளேன்.

சேஷு: என்ன?

வத்ஸலா: தோஞ்சிருக்கு.

சேஷு: அடேயப்பா... பளபளன்னு... அசைச்சா மொத்தமா குலுங்கறதேடி!

வத்ஸலா: நான் தோய்ச்சதுகூட இவ்வளவு அழகா வந்ததில்லை. பாவி வராகம்.

சடகோபன்: என்ன சத்தம்? வண்டி நிக்கறது.

செங்கமலம்: சேஷு! டேய் சேஷு! வண்டிக்காரன் பெட்டியைத் தொட்டுடப் போறான், வந்து எடு!

வத்ஸலா: வந்துட்டா!

சேஷு: கொட்டுடி!

வத்ஸலா: எப்படிக் கொட்டறது? கொல்லைக்குக் கூடத்து வழியாத்தான் போகணும், அவா அங்க வந்தாச்சு!

செங்கமலம்: என்னடா மூணு பேரும் பூச்சாண்டியைக் கண்டாப்பல நிக்கறேள்? சடகோபனும் வந்திருக்கானா? நல்லது. வத்ஸலா, தீர்த்தம் எங்க? தோ, தெரியறது. அப்பா வரலை. வசந்தோத்ஸவம் சேவிச்சுட்டுத்தான் வருவாராம். கோஷ்டியோட இருக்கட்டும். எனக்கு இலையைப் போடு.

வத்ஸலா: அம்மா, கொஞ்சம் படுத்துக்குங்கோளேன். களைப்பா இருக்குமே.

செங்கமலம்: படுத்துண்டா பசி போயிடுமா? காஞ்சீபுரத்துல நித்தம் புளியோதரைதான். வயறு கல்லா இருக்கு. என் தயிர் ரெண்டு கரண்டி விழுந்தாதான் இளகும்.

சேஷு: அம்மா, இன்னிக்கு மிளகு சாத்தமுது அமோகமா இருக்கும்மா. அதோட நிறுத்திக்கோயேன்.

செங்கமலம்: தயிர் இல்லாம என்னிக்கு எழுந்திருந்தேன்? எங்க அது? ...ஆஹா. தோ இருக்கே!

வத்ஸலா: அம்மா, அது சரியா தோயலை...

செங்கமலம்: இதுவா? குதிரை மேல வச்சு ஓட்டினாக்கூட சிந்தாது போல இருக்கே. நானே போட்டுக்கறேன், விடு.

சேஷு: அம்மா வேண்டாம்! அதுல... பல்லி...

செங்கமலம்: எங்க பல்லி?

சேஷு: பாத்துண்டு இருந்தது. உத்தரத்துலேர்ந்து.

செங்கமலம்: பாத்தா பாத்துட்டுப் போறது. நகரு.

வத்ஸலா: சடகோபன், நீங்களாவது சொல்லுங்கோளேன்!

சடகோபன்: சாப்பிடட்டும் மன்னி. பசின்னு வந்திருக்கா.

செங்கமலம்: ...ம்.

சேஷு: என்னம்மா?

செங்கமலம்: ...ம்ம்.

வத்ஸலா: என்னம்மா... எப்படி...

செங்கமலம்: புளிப்பே இல்லையே.

வத்ஸலா: இப்பத்தான் தோஞ்சது.

செங்கமலம்: லேசா ஒரு கசப்பு.

சேஷு: மூக்கன் மாட்டுக்கு வேப்பிலை போட்டிருப்பான்.

செங்கமலம்: இருக்கும், இருக்கும். இன்னும் ரெண்டு கரண்டி விடு.

வத்ஸலா: இன்னுமா!

செங்கமலம்: கணக்கா பாக்கறே? விடு. ...ஏவ்வ்வ்! அப்பாடா. ரங்கா, ரங்கா. காஞ்சீபுரத்துலேர்ந்து அடைச்சுண்டிருந்தது.

சடகோபன்: இளகிடுத்தா அத்தை?

செங்கமலம்: பேஷா. வத்ஸலா, நீ குடித்தனம் பண்ணத் தெரிஞ்சவதான். டேய் சேஷு, தென்னூர் ஜாகையைப் பேசி முடி. அடுத்த நல்ல நாளுக்குப் போயிடலாம்.

சேஷு: நெஜமாவா அம்மா?

செங்கமலம்: நான் என்னிக்குப் பேச்சு மாறினேன்? சடகோபா, நீ இனிமே பாலம் தாண்டிப் போகாதே, இங்கயே படுத்துக்கோ. மிச்சம் பால் எங்க? இதுல ஒரு கரண்டி எடுத்து நானே உறைக்குத்தி வச்சுடறேன்.

வத்ஸலா: நான் பண்றேன்ம்மா! நீங்க எதுக்கு!

செங்கமலம்: என் கை மோரை நான் தொட்டு எத்தனை நாளாச்சு. குடு.

*

செங்கமலம்: வத்ஸலா! சேஷு! எழுந்திருங்கோ எல்லாரும்! விடிஞ்சு வெயில் வந்தாச்சு!

சேஷு: டேய் சடகோபா! நீ இன்னுமா சிந்தாமணிக்குப் போகலை?

சடகோபன்: கண் அசந்துட்டேண்டா...

சேஷு: கெடுத்தியே!

செங்கமலம்: அங்க என்ன குசுகுசு? இங்க வாங்கோ. இதைப் பாருங்கோ. ராத்திரி உறைக்குத்தினேன். பால் பாலாவே நிக்கறது.

சேஷு: ...ஊதக்காத்து.

செங்கமலம்: வைகாசியில ஊதக்காத்தா?

வத்ஸலா: அம்மா! என்னால முடியலை. சொல்லிடறேன். மோர் செத்துப்போயிடுத்து. உங்க பிள்ளை காய்ச்சிட்டார்.

செங்கமலம்: என்னது!

சேஷு: கிருமி இருக்குன்னு...

செங்கமலம்: என் மோர்லயா கிருமி? மன்னார்குடி மோர்லயா? டேய், நீ பொறந்து வயத்துப்போக்குல துவண்டு கெடந்தப்போ உன்னைப் பொழைக்க வச்ச மோர்டா அது! அதைப் போய் அடுப்புல வச்சியே, உன் கை வெந்து போகலையா?

சேஷு: வெந்துதும்மா. கொஞ்சம் தெறிச்சுது.

செங்கமலம்: நன்னா வேணும். அப்போ ராத்திரி நான் சாப்பிட்டது?

சடகோபன்: அது பொடி போட்டு உறைஞ்ச பால், அத்தை. பாக்கத் தயிர் மாதிரி இருக்கும். ஆனா உசுர் கிடையாது. ஒரு வேளைச் சாப்பாட்டைக் கரைக்கும், அதோட சரி. அதை எடுத்துப் பால்ல விட்டா அடுத்த தயிரைப் பெத்துக்காது. அதான் இப்படி நிக்கறது.

செங்கமலம்: ஓஹோ.

வத்ஸலா: தப்புதாம்மா. நீங்க தென்னூர் வேண்டாம்னா வேண்டாம். எனக்கு அழக்கூட வாய் இல்லை.

செங்கமலம்: யார் வேண்டாம்னா? சொன்னது சொன்னதுதான். சடகோபா, உங்காத்துலேர்ந்து மோர் கொண்டுவா. ஆனா இந்த அசடுகளை நம்பி அதை விடப்படாது. ஒருத்தன் காய்ச்சறான், ஒருத்தி முழிக்கறா. அதனால நானும் தென்னூர் வரேன்.

சேஷு: நீயா?

செங்கமலம்: ஆமா, நான்தான்.

சேஷு: ரங்கநாதனை விட்டுட்டு ஒரு நாள்கூட இருக்கமாட்டேன்பியே!

செங்கமலம்: தென்னூர் என்ன காசியா? பஸ் ஓடறது, ஏறி வந்து சேவிச்சுட்டுப் போறேன்.

வத்ஸலா: ஏன்னா... ஏதாவது சொல்லுங்கோ...

சேஷு: அம்மா, நீ வரப்படாது.

செங்கமலம்: ஏனாம்?

சேஷு: நாங்க... நாங்க உன்னோட ஒரே ஆத்துல இருக்க யோக்யதை இல்லாதவா.

செங்கமலம்: என்னடா உளர்றே?

சேஷு: அந்தப் பொடி... பன்னி வயத்துலேர்ந்து எடுக்கறதும்மா! அதைத்தான் உனக்குப் போட்டோம். தெரிஞ்சே விட்டோம், கொட்டியிருக்கணும், கொட்டலை. நாங்க பாவிகள். எங்க கையால நீ ஒரு வாய் தீர்த்தம் வாங்கப்படாது. நீ இங்கயே மடியா, ஆசாரமா இரு. நாங்க எங்கயோ தென்னூர்ல போய், எங்க பாவத்தை நாங்களே...

செங்கமலம்: சடகோபா.

சடகோபன்: அத்தை.

செங்கமலம்: சொல்லிட்டியா இவாகிட்ட?

சடகோபன்: பொடியை மட்டுந்தான் சொன்னேன் அத்தை. யாருக்குன்னு சொல்லலை. வக்கீலுக்குன்னேன்.

வத்ஸலா: யாருக்கு?

சேஷு: டேய்... யாருக்குடா?

செங்கமலம்: எனக்குத்தான்! எந்த வக்கீல்? போன வருஷம் ஆடியிலேர்ந்து சாப்பிடறேன். எதுலேர்ந்து எடுக்கறான்னு இவன் ஆரம்பிச்சப்போ, வாயைப் பொத்துடான்னேன், அதுக்குள்ள பாதி சொல்லித் தொலைச்சுட்டான். என்ன பண்றது, வயத்துக்குக் கேக்கறதே! ராத்திரி முதல் கவளத்துலயே கசப்பு காமிச்சுக் குடுத்துடுத்து; நீங்களா சொல்றேளான்னு பாக்கத்தான் தெரியாதவளாட்டம் இருந்தேன். அப்பத்தான் யோசிச்சேன். இந்த வீதியில வைதேஹி எப்போ மூக்கை நீட்டுவாளோன்னு அரிசிப்பானைக்குள்ள ஒளிச்சு வச்சு, இருட்டுல முழுங்கி... அலுத்துப் போச்சுடா எனக்கு. தென்னூர்ல யார் என்னைக் கேக்கப்போறா? ஜாகை கொஞ்சம் பெருசாவே பாரு. உங்கப்பாவும் வருவார், அவர் பொடி பாட்டில் தனி.